தமிழ் தொலைவது மெல்போர்னில் அன்று!

கடல் கடந்து சென்று வாழ்வது தமிழினத்திற்குப் புதியதும் அன்று, இழிவானதும் அன்று. கொற்கைத் துறையில் மூழ்கி முத்தெடுத்தவனும், அம்முத்தை ஏற்றிக் கலம் செலுத்தியவனும் பொருநைக் கரையின் மாந்தர்களே. எனவே, நெல்லைச் சீமையின் இளைஞன் ஒருவன் இன்றைக்கு ஆசுத்திரேலியாவின் மெல்போர்னுக்கோ சிட்னிக்கோ குடிபெயர்கின்றான் என்னும் செய்தி கேட்டு ஒப்பாரி வைப்பதற்காக இவ்வாசிரியவுரையை நாம் எழுதவில்லை. 'போகட்டும், போய்ப் பொருளீட்டி அனுப்பட்டும்' என்று கைகொட்டி வழியனுப்புவதற்காகவும் எழுதவில்லை. போகின்றவன் எதனை எடுத்துக்கொண்டு போகின்றான்? எதனை இங்கேயே எறிந்துவிட்டுப் போகின்றான்? இவ்விரு வினாக்களையும் நெல்லைப் பெற்றோர் முன்னும், வானூர்திச் சீட்டுடன் நிற்கும் இளைஞர் முன்னும் வைப்பதே நம் நோக்கம்.

போகின்றவனைப் பழிப்பது முறையன்று என்பதை முதற்கண் தெளிவாகச் சொல்லிவிடுகின்றோம். தாம்பிரபரணி என்று வடமொழிப் பெயர் சூட்டப்பெற்று வழங்கும் நம் பொருநை, பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலொடு கலக்கும் வரை ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடுகின்றது. அதன் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றினின்று பிரியும் கால்வாய்கள் அம்பாசமுத்திரம் தொடங்கித் திருவைகுண்டம் வரை வயல்களை நனைக்கின்றன. ஆயினும் பாட்டன் உழுத நிலம் தந்தை தலைமுறையில் நான்காகவும், மகன் தலைமுறையில் பன்னிரண்டாகவும் துண்டுபட்ட பின்னர், அது சோறு போடுமேயன்றி வாழ்வு தராது. மறுபுறம் கல்வியோ பெருகிற்று. 1878-இல் தூய யோவான் கல்லூரி, 1923-இல் தூய சவேரியார் கல்லூரி, 1965-இல் மருத்துவக் கல்லூரி, 1981-இல் அரசு பொறியியற் கல்லூரி, 1990-இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் என அடுக்கடுக்காய்க் கல்விக்கூடங்கள் எழுந்தன. அவற்றிலிருந்து ஆண்டுதோறும் வெளிவரும் பிள்ளைகளுக்கு இம்மண்ணில் வேலை எங்கே? நாங்குநேரியில் சிறப்புப் பொருளியல் மண்டலம் வருகின்றது, வருகின்றது என்று பல்லாண்டுகளாகச் சொல்லப்பட்டது; சொன்ன அளவிற்கு அங்கே தொழில் வளரவில்லை. படித்தவன் முதலில் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனான். இப்போது அவற்றையும் கடந்து போகின்றான். குற்றம் அவனதன்று, அவனை வளர்த்து ஆளாக்கியபின் வாழ வைக்க வழி வகுக்காத ஆட்சிகளுடையது.

அவன் போகும் வழியும் மலர் தூவிய வழியன்று. மாணவனாகச் செல்லும் ஒருவன் நுழைவிசைவு (விசா) கேட்டு வேண்டுகை விடுப்பதற்கே, 2025 சூலை முதல் 2,000 ஆசுத்திரேலிய வெள்ளி (டாலர்) கட்ட வேண்டும்; இசைவு மறுக்கப்பட்டால் அப்பணம் திரும்பாது. ஓராண்டு வாழ்க்கைச் செலவிற்கென்று 29,710 வெள்ளி கையிருப்பில் உள்ளதாகக் காட்ட வேண்டும் என்பது 2024 மே முதல் உள்ள ஒழுங்கு. கல்விக் கட்டணம் இவற்றின் வேறு. படிக்கும் காலத்தில் இரு கிழமைக்கு 48 மணிநேரத்திற்கு மேல் அவன் உழைக்கக் கூடாது. ஊரில் விற்கப்பட்ட வயலும் வங்கியில் வைக்கப்பட்ட நகையும் அவன் தோளில் ஏறிக்கொண்டு உடன் செல்கின்றன. அங்கே இரவெல்லாம் பண்டகசாலையில் பெட்டி தூக்கிப் பகலெல்லாம் வகுப்பில் கண்விழித்திருக்கும் அவனை, 'வெளிநாட்டு வாழ்க்கை' என்று இங்கிருப்போர் பொறாமைப்படுகின்றனர். அவன் படும் பாட்டை நாம் அறிவோம். அறிந்தே, அவனிடம் இன்னொன்றையும் கேட்கின்றோம்.

அதனைக் கேட்குமுன், இவ்வாற்றுப் படுகையிலிருந்து முன்னர்ச் சென்றோரின் கதையைச் சிறிது நினைத்துப் பார்ப்போம்.

வெள்ளையர் காலத்தில் நெல்லைச் சீமை ஏழையரைக் கங்காணிகள் ஆள்பிடித்துத் தூத்துக்குடித் துறை வழியே இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டு சென்றனர். மலேயாவிற்கும் பர்மாவிற்கும் சென்றோர் பலர். மும்பைத் தாராவியின் சேற்று நிலத்தில் தோல் பதனிட்டு வாழ்ந்தோருள் பெரும்பகுதியினர் நெல்லைத் தமிழரே. இவர்களுள் எவரும் பட்டம் பெற்றவரல்லர். பலர் கைந்நாட்டு வைத்தவர். ஆயினும் போன இடமெல்லாம் அவர்கள் தமிழ்ப் பள்ளிகளைக் கண்டனர்.

இதற்குக் கடையநல்லூரே போதிய சான்று. பொருநையொடு கலக்கும் சிற்றாற்றுப் பகுதியில், 2019 வரை நெல்லை மாவட்டத்திலும் இப்போது தென்காசி மாவட்டத்திலும் அமைந்துள்ள ஊர் அது. அவ்வூர்த் தமிழ் முசுலிம்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூருக்குச் சென்று, தஞ்சோங் பகார்த் துறைமுகப் பகுதியில் கூலி வேலையும் சிறுவணிகமும் செய்து பிழைத்தனர். 1941-இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முசுலிம் லீக்கு என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். உலகப்போர் முடிந்து, சப்பானியர் ஆட்சியில் பட்ட புண் ஆறாத 1946-இலேயே, தம் சொந்தக் காசில் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் யாது? சீறாப்புராணம் பாடி எட்டயபுரத்தில் அடக்கமாகியிருக்கும் உமறுப்புலவர் பெயர்! தம் சீமைப் பாவலனின் பெயரைக் கடல் கடந்து சுமந்துசென்று ஒரு பள்ளியின் வாயிலில் பொறித்தார்கள் அக்கூலித் தொழிலாளர்கள். 1960-இல் அஃது உயர்நிலைப் பள்ளியாயிற்று. சிங்கப்பூரில் தமிழ்வழியில் நடந்த ஒரே உயர்நிலைப் பள்ளி அது. ஆங்கிலத்தின் பக்கம் பெற்றோர் சாய்ந்தமையால் 1982-இல் அதனை மூட நேர்ந்தது. ஆயினும் அடுத்த ஆண்டே உமறுப்புலவர் பெயரில் தமிழ்மொழி நடுவம் எழுந்து இன்றும் இயங்குகின்றது. கடையநல்லூர் என்னும் பெயர் சிங்கப்பூரில் ஒரு தெருவின் பெயராக இன்றும் நிற்கின்றது.

மூட்டை தூக்கியவன் பள்ளி கட்டினான். இன்று பொறியியல் படித்துவிட்டுச் செல்கின்றவன் என்ன கட்டப் போகின்றான்? மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ வானூர்தி ஏறி, கொழும்பிலோ சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இறங்கி, இரண்டு மணிநேரம் காத்திருந்து அடுத்த வானூர்தியில் மெல்போர்னுக்குப் பறக்கின்றானே, அவன் காத்திருக்கும் அவ்வூர்கள் மூன்றும் அவன் பாட்டன்மார் வியர்வை சிந்திய ஊர்கள் என்பதையேனும் அவன் அறிவானா?

இனி, ஆசுத்திரேலியாவின் கதவைப் பார்ப்போம். அக்கதவு நமக்கு எப்போதும் திறந்திருந்ததன்று. 1901-இல் அந்நாடு இயற்றிய குடியேற்றத் தடைச் சட்டம் வெள்ளையரல்லாதாரை வெளியே நிறுத்துவதற்கென்றே செய்யப்பட்டது. அதற்கு அவர்கள் கையாண்ட கருவி என்ன தெரியுமா? மொழி! வந்திறங்குவோனிடம் ஐரோப்பிய மொழியொன்றில் 50 சொற்கள் கொண்ட ஒரு பகுதியைப் படித்துக்காட்டி, 'பிழையின்றி எழுது' என்பர். ஆங்கிலம் அறிந்தவன் வந்தால் அவனறியாத வேறு ஐரோப்பிய மொழியில் படிப்பர். தோற்பிப்பதற்கென்றே வைக்கப்பட்ட தேர்வு அது. 1958-இல்தான் அத்தேர்வு ஒழிந்தது. வெள்ளை ஆசுத்திரேலியக் கொள்கை முற்றாக நீங்கியது 1973-இல்.

இன்றோ நிலைமை தலைகீழ். திறனாளராகக் குடியேற விரும்புவோர்க்கு அவ்வரசு புள்ளிக் கணக்கொன்று வைத்துள்ளது. குறைந்தது 65 புள்ளிகள் வேண்டும். அகவைக்கு இவ்வளவு, கல்விக்கு இவ்வளவு, ஆங்கிலத்திறனுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு, 'நாட்டில் வழங்கும் குமுகாய மொழியொன்றை நன்கு அறிந்தவர்க்கு 5 புள்ளிகள்' என்று கூடுதலாகத் தருகின்றனர். அம்மொழிகளுள் தமிழும் ஒன்று! அதற்கென 'நாட்டி' என்னும் மொழிபெயர்ப்பு ஏற்பளிப்பு நிறுவனம் தேர்வு நடத்துகின்றது. மருத்துவம், சட்டம், காப்பீடு, வீட்டு வாடகை, வேலை போன்ற துறைகளில் ஆங்கிலம் பேசுவோர் ஒருவரும் தமிழ் பேசுவோர் ஒருவரும் உரையாடும் இரண்டு உரையாடல்களை, இருபுறமும் வாய்மொழியாகப் பெயர்த்துச் சொல்ல வேண்டும். 90 மதிப்பெண்ணுக்கு 63 பெற்றால் தேர்ச்சி. தமிழில் சொல்ல வேண்டிய இடத்தில் தேவையின்றி ஆங்கிலச் சொற்களைப் பெய்தால் மதிப்பெண் குறையும்.

இங்கேதான் நாம் நகைப்பதா, நாணுவதா என்று தெரியவில்லை! நெல்லையிலும் பாளையிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இத்தேர்வுக்காகப் பணங்கட்டித் தனிப்பயிற்சி பெறுகின்றனர். எதில் பயிற்சி? தமிழில்! இழப்பீடு, காப்பீடு, பிணை, பக்கவிளைவு, வாடகை ஒப்பந்தம், சட்ட உதவி என்று சொற்பட்டியல் வைத்துக்கொண்டு உருப்போடுகின்றனர். மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழ்க் கொள்கையைத் தொடங்கிய நாள்முதல், இத்தகைய சொற்களை ஆக்கியும் மீட்டும் தந்தோரைப் 'பைத்தியக்காரர்' என்றும் 'பண்டிதக் கூட்டம்' என்றும் இந்நாடு எள்ளி நகையாடியது. 'இன்சூரன்சு என்றால் எல்லார்க்கும் விளங்குமே, காப்பீடு எதற்கு?' என்று கேட்டவர்தம் பேரன், இன்று 'காப்பீடு' என்னும் அவ்வொரு சொல்லை நினைவில் வைக்கக் கட்டணம் கட்டுகின்றான். பிறந்த மண்ணில் மதிப்பில்லாத தமிழுக்கு அயல்நாட்டரசு ஐந்து புள்ளி தருகின்றது. வீட்டில் இலவயமாய்க் கிடைத்ததை எறிந்துவிட்டு, வெளியில் விலைகொடுத்து வாங்குவது எந்த அறிவுடைமையைச் சேர்ந்தது?

பாளையங்கோட்டையில் நாமறிந்த முதியவர் ஒருவர் இருக்கின்றார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர். ஒரே மகன் மெல்போர்னில் வாழ்கின்றான். ஞாயிறுதோறும் நண்பகல் ஒன்றரை மணிக்கு அவரும் அவர்தம் துணைவியாரும் கைப்பேசியை மேசைமேல் சாய்த்து வைத்துக்கொண்டு அமர்வர். அங்கே அப்போது மாலை ஆறு மணி. பேரன் முகம் தெரியும். 'அலோ தாத்தா, அலோ ஆச்சி' என்பான். அதன்பின் அவன் பேசுவதெல்லாம் ஆங்கிலம். பேரனுக்காக இந்த அகவையில் ஆங்கிலம் பழக முயன்று, சொல் கிடைக்காமல் அம்முதியவர் சிரித்து மழுப்புவார். ஆச்சிக்கு அதுவும் இயலாது. கையை மட்டும் ஆட்டுவார். ஐந்து நிமையத்தில் பேச்சு முடிந்துவிடும்.

ஒருநாள் அவரிடம், 'ஐயா, மெல்போர்ன் உங்கள் பேரனைப் பறித்துக்கொண்டதே' என்றோம். அவர் தலையசைத்து மறுத்தார். 'மெல்போர்னைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை, தம்பி. என் மகனை இந்தப் பாளையங்கோட்டையிலேயே ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்தவன் நான். பள்ளி வளாகத்தில் தமிழ் பேசினான் என்று தண்டம் போட்டார்கள். அந்தத் தண்டத்தையும் நானே கட்டினேன். பிறன் பிள்ளைக்கெல்லாம் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். என் பிள்ளைக்கு மட்டும் தமிழ் பயன்படாது என்று நினைத்தேன். அவன் வானூர்தி ஏறியபோது அவனிடம் தமிழ் இல்லை; இல்லாததை அவன் எப்படித் தன் மகனுக்குத் தருவான்?' என்றார்.

அவர் சொன்னதே உண்மை. தமிழ் தொலைவது மெல்போர்னில் அன்று. அஃது இங்கே, பொருநைக் கரையில், மழலையர் பள்ளியின் வாயிலில் தொலைகின்றது. 2006-இல் தமிழ் கற்றல் சட்டம் இயற்றப்பெற்று, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடமாயிற்று; நல்லதே. ஆனால், பாடமாக்கியதால் மட்டும் ஒரு மொழி வாழ்ந்துவிடாது. மதிப்பெண்ணுக்காகப் படித்த தமிழ் தேர்வு முடிந்த மாலையில் மறைகின்றது; வீட்டில் பேசிய தமிழே சாகும் வரை நிற்கும்.

மெல்போர்னில் தமிழ் வாழ இயலாதென்று கூறுவோர், அங்கே நிகழ்வதைக் கண்ணுற்றுப் பார்க்கட்டும். 2016-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கில், வீட்டில் தமிழ் பேசுவோராக ஆசுத்திரேலியாவில் 73,000-க்கு மேற்பட்டோர் தம்மைப் பதிந்தனர்; 2021-இல் அத்தொகை 95,000-ஐத் தாண்டிற்று. சிட்னியில் 1977-இலேயே 'பாலர் மலர்' என்னும் தமிழ்ப் பள்ளி தொடங்கப்பட்டுவிட்டது. 1983 சூலையில் சிங்கள வெறியர் மூட்டிய தீயில் வீடிழந்து, நாடிழந்து, உயிரை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வந்த ஈழத்தமிழர், ஓம்புசு, வெண்ட்வொர்த்துவில் முதலிய சிட்னிப் பகுதிகளில் கிழமை இறுதி நாள்களில் தமிழ்க் கல்வி நிலையங்களை நடத்தி வருகின்றனர். மெல்போர்னில் பாரதி பள்ளி நடக்கின்றது. விக்டோரிய அரசின் மொழிகள் பள்ளியே காரி (சனி)க்கிழமைகளில் தமிழ் கற்பிக்கின்றது. பள்ளியிறுதித் தேர்வில் தமிழை ஒரு பாடமாக எழுதலாம். பல்கலைக்கழக நுழைவுக் கணக்கில் அதுவும் சேரும். எசு.பி.எசு. என்னும் அரசு சார்ந்த வானொலி தமிழில் ஒலிபரப்புகின்றது. ஊர் நூலகங்கள் சிலவற்றில் தமிழ் நூல்கள் அடுக்கப்பட்டுள்ளன.

இவற்றை நடத்துவோர் யார்? கிழமையில் ஐந்து நாளும் வேலை பார்த்துவிட்டு, ஓய்வெடுக்க வேண்டிய காரிக்கிழமைக் காலையில், குளிரில் எழுந்து, ஊதியமின்றி 'அ, ஆ' எழுதிக்காட்டும் தாய்மாரும் தந்தைமாருமே. ஏதிலியாய் வந்தவன் இதனைச் செய்கின்றான். குயின்சுலாந்தின் பிலோயிலா என்னும் சிற்றூரில் வாழ்ந்த ஈழத்தமிழ்க் குடும்பமொன்றை 2018-இல் விடியற்காலையில் பிடித்துச் சென்று, நான்காண்டுகள் தடுப்புக் காவலில் அலைக்கழித்தது அந்நாட்டரசு. அவ்வூர் வெள்ளையரே அவர்களுக்காகப் போராடி, 2022-இல் அவர்களை ஊர் திரும்பச் செய்தனர். இத்தனை இடுக்கண்ணுக்கிடையில் ஈழத்தமிழர் தம் பிள்ளைக்குத் தமிழ் ஊட்டுகின்றனர். புள்ளிக் கணக்கில் வென்று, நிலையான இசைவுடன், வேலையுறுதியுடன் சென்றிறங்கும் நம் நெல்லைப் பிள்ளை, 'எனக்கு நேரமில்லை' என்கின்றான்! நேரம் இல்லாமையா? நெஞ்சம் இல்லாமையா?

இன்னொரு கேட்டையும் இங்கே சுட்டாமல் விட இயலாது. தமிழர்க்குக் குடும்பப் பெயர் என்பது கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தே நம் வழக்கு. 1929-இல் செங்கற்பட்டுத் தன்மதிப்பு மாநாட்டில் சாதிப் பட்டங்களை நீக்கத் தீர்மானித்தபின், பெயருக்குப் பின்னால் சாதியை ஒட்டுவதை வெட்கமென்று கருதிய நாடு தமிழ்நாடு. ஆனால், வெளிநாட்டுப் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்னும் கட்டத்தைக் கண்டவுடன், பாட்டன் கைவிட்ட சாதிப் பட்டத்தைத் தோண்டியெடுத்து அதில் நிரப்புவோர் உளர். நெல்லைப் பள்ளி மாணவர் மணிக்கட்டில் சாதிக்கொரு நிறமாய்க் கயிறு கட்டும் இழிவு இன்னும் நம் கண்முன் உள்ளது. அக்கயிற்றை அவிழ்த்துப் பொருநையில் எறிந்துவிட்டல்லவா வானூர்தி ஏறவேண்டும்? எறிய வேண்டிய சாதியைச் சுமந்து செல்கின்றான். சுமக்க வேண்டிய மொழியை எறிந்து செல்கின்றான். தந்தை பெயரையே அக்கட்டத்தில் எழுதுக; அதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை.

மெல்போர்ன் நகரின் ஊடே ஓர் ஆறு ஓடுகின்றது. யாரா என்பது அதன் இன்றைய பெயர். அம்மண்ணின் பழங்குடியாராகிய உருஞ்செரி மக்கள் அதனைப் பிர்ராரங் என்று அழைத்தனர். 1835-இல் அங்கு வந்த நில அளவையாளன் ஒருவன், நீர் ஓடுவதைக் குறித்து அம்மக்கள் சொன்ன ஒரு சொல்லை ஆற்றின் பெயரென்று பிழையாகக் கொண்டு எழுதிவைத்தான். அப்பிழையே நிலைத்தது. பொருநை மறைந்து தாம்பிரபரணி ஆனது போல், பிர்ராரங் மறைந்து யாரா ஆயிற்று. அயலார் வந்து அமர்ந்த பின்னர் ஆற்றின் பெயர் கூட அதன் கரையில் வாழ்ந்தோரிடம் தங்குவதில்லை.

1788-இல் வெள்ளையர் குடியேறத் தொடங்கியபோது அப்பெருநிலத்தில் 250-க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கின. இன்று குழந்தைகள் தாய்மடியில் இயல்பாகக் கற்று வளரும் பழங்குடி மொழிகள் ஏறத்தாழ ஒரு பன்னிரண்டே. எப்படி அழிந்தன? நிலத்தைப் பறித்தனர், மக்களைக் கொன்றனர், எஞ்சிய குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிகளில் அடைத்து, தாய்மொழி பேசினால் தண்டித்தனர். அக்கொடுமைக்காக 2008 பிப்பிரவரி 13-ஆம் நாள் அந்நாட்டுத் தலைமையமைச்சர் பாராளுமன்றத்தில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அம்மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று, இறந்த பாட்டிமாரின் குரல் பதிவுகளிலிருந்தும் பழைய குறிப்பேடுகளிலிருந்தும் ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கித் தம் மொழியை மீட்டு வருகின்றனர்.

நெல்லைப் பெற்றோரே, எண்ணிப் பாருங்கள்! தாய்மொழி பேசிய குழந்தையைத் தண்டிக்கும் பள்ளியை அங்கே வெள்ளையன் வன்முறையால் நடத்தினான். அவர்கள் பிள்ளையைப் பறித்துக்கொண்டு போனான். இங்கேயோ அதே தண்டனையை நாமே கட்டணம் கட்டி, வரிசையில் நின்று, நன்கொடையும் கொடுத்து வாங்குகின்றோம். நம் பிள்ளையை எவரும் பறிக்கவில்லை. நாமே கொண்டுபோய் ஒப்படைக்கின்றோம்.

'மெல்போர்னில் தமிழால் என்ன பயன்?' என்று சிலர் கேட்பர். ஆங்கிலம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அந்நாட்டில் வாழ்வோன் ஆங்கிலத்தை அந்நாட்டார் போலவே கற்கட்டும். அதனால் அவன் தமிழ் தேயாது. அங்குள்ள கிரேக்கரும் இத்தாலியரும் சீனரும் ஆங்கிலம் பேசிக்கொண்டே தம் மொழிப் பள்ளிகளை நடத்துகின்றனர். ஐந்து புள்ளியும் பல்கலைக்கழக நுழைவும் சிறு பயன்களே. நோயுற்ற முதியவர் ஒருவர் மெல்போர்ன் மருத்துவமனையில் தம் வலியைச் சொல்லத் தமிழறிந்த ஒருவரைத் தேடுகின்றாரே, அவர் கையைப் பற்றிக்கொண்டு 'எங்கே வலிக்கின்றது, அம்மா?' என்று கேட்க ஒரு தமிழ்ப் பிள்ளை வேண்டாமா? பாளையங்கோட்டையில் கைப்பேசி முன் அமர்ந்திருக்கும் ஆச்சி, தான் சாவதற்குள் தன் பேரனிடம் ஒரு கதை சொல்லிவிட வேண்டாமா? இவை பயன் இல்லையெனில், வேறு எவை பயன்?

எனவே, நாம் செய்ய வேண்டியனவாக நான்கு கூறுகின்றோம்.

ஒன்று: பிள்ளை எங்கே வேலைக்குப் போவான் என்று கனாக் காணும் பெற்றோர், அவன் தமிழைப் பிழையின்றிப் படிக்கவும் எழுதவும் அறிந்துள்ளானா என்பதை முதலில் பார்க்க வேண்டும். தமிழ் பேசினால் தண்டம் விதிக்கும் பள்ளியில் சேர்ப்பதை இன்றே நிறுத்துக. அயல்நாட்டுப் பேரனிடம் பேசும் முதியோர், உடைந்த ஆங்கிலத்தில் திணறுவதை விடுத்து, அவனுக்கு விளங்கும் வரை தமிழிலேயே பொறுமையாகப் பேசுக. பத்து நாள் விளங்காது. பதினோராம் நாள் ஒரு சொல் விளங்கும்.

இரண்டு: செல்லும் இளைஞர், ஐந்து புள்ளிக்காகக் கற்ற தமிழைத் தேர்வு முடிந்ததும் மூட்டை கட்டி வைக்காதீர். அங்கே சென்றிறங்கிய முதல் திங்களிலேயே அருகிலுள்ள தமிழ்ப் பள்ளி எது என்று தேடுக. பிள்ளை பிறக்கும் வரை காத்திராமல், காரிக்கிழமையில் இரண்டு மணிநேரம் அங்கே கற்பிக்கச் செல்லுக. வீட்டு வாயிலுக்குள் தமிழே பேச்சு என்று கணவனும் மனைவியும் உறுதி கொள்ளுக. ஈழத்து உடன்பிறந்தாரொடு தோள்சேர்ந்து நில்லுக. ஊர்ச் சங்கம், சாதிச் சங்கம் என்று பிரியாதீர்.

மூன்று: தமிழ்நாட்டரசு அயலகத் தமிழர்க்கென ஒரு துறையை வைத்துள்ளது, ஆண்டுதோறும் சனவரி 12-ஐ அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடுகின்றது, தமிழ் இணையக் கல்விக்கழகம் பாடங்களை வழங்குகின்றது. இவை போதா. மெல்போர்னில் பொங்கல் கடுங்கோடையில் வருகின்றது. அப்போது பள்ளிக்கு நீண்ட விடுமுறை. சித்திரையில் அங்கே இலையுதிர்கின்றது, ஆடியில் உறைகுளிர். 'சித்திரை வெயில்' என்று பாடத்தில் படிக்கும் குழந்தை சாளரத்தின் வழியே பார்த்தால் வேறொன்றைக் காண்கின்றது. அக்குழந்தையின் வானத்தையும் மரத்தையும் தெருவையும் தமிழில் சொல்லும் பாடநூல்களை, அங்குள்ள ஆசிரியர்களைக் கொண்டே எழுதச் செய்து அரசு தன் செலவில் அச்சிட்டு அனுப்புக.

நான்கு: பொருநைப் பள்ளத்தாக்கில் படித்தவர்க்கேற்ற தொழில் வளர்க்கப்படுதல் வேண்டும். விரும்பிப் போகின்றவன் போகலாம். வேறு வழியின்றி விரட்டப்பட்டுப் போகும் நிலை ஒழிய வேண்டும். திரும்பி வர எண்ணுவோனுக்கும் இங்கே ஓர் இடம் இருக்க வேண்டும்.

தமிழ மாந்தரே! சிவகளையில் தோண்டியெடுத்த முதுமக்கள் தாழியிலிருந்த நெல்மணி, கி.மு. 1155-ஆம் ஆண்டளவினது என்று ஆய்வு கூறிற்று. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்தவனுக்கும், போகும் வழிக்கென்று ஒரு பிடி நெல் கொடுத்தனுப்பிய மண் இது. உயிரோடு கடல் கடந்து போகின்ற பிள்ளைக்கு நாம் என்ன கொடுத்தனுப்புகின்றோம்? ஊறுகாயும் அல்வாவும் ஓராண்டிற்குள் தீரும். தமிழைக் கொடுத்தனுப்புவோமாயின், பிர்ராரங் ஆற்றங்கரையில் பிறக்கும் குழந்தைக்கும் அது பொருநை நீராய் ஊறும்.

போகின்றவர் போகுக! தமிழொடு போகுக!